தோற்பவர் வெல்லும் ஆட்டம்

சதுரங்க ஏடுகளில் ஒரு நகர்வை அடுத்து ஒற்றைக் கேள்விக்குறி இடப்பட்டிருந்தால் அது தவறான நகர்வு. இரட்டைக் கேள்விக்குறி இடப்பட்டிருந்தால் மன்னிக்கவொண்ணாப் பெருந்தவறு. மனிதர் செய்யும் பிழைகளில் இத்தனை கறாராக அச்சிலேற்றிப் பாதுகாக்கப்பட்டவை வேறு உண்டா என்பது ஐயமே. ஐந்து மணி நேரம் அசையாமல் அமர்ந்து ஆடிய ஒருவரின் உழைப்பு, ஒரு குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்த ஒரு நொடியில் பாழாகிறது. பகடையைக் குற்றம் சொல்லலாம் என்றால் பகடையும் இல்லை. சீட்டைக் குற்றம் சொல்லலாம் என்றால் சீட்டும் இல்லை. பிழை முழுவதும் ஆடியவருடையதே. ஆகையால்தான் இவ்விளையாட்டில் ஊறியவர்களுக்கு என்றேனும் ஒருநாள் ஒரு விபரீத ஆசை எழுந்துவிடுகிறது: தவறுகளுக்கே பரிசு தரும் ஒரு சதுரங்கம் இருந்தால் என்ன?

கேட்பதற்கு இது வெறும் வேடிக்கை. ஆயினும் இவ்வேடிக்கைக்கு நெடியதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து செல்வோமாயின் வேடிக்கைக்கு அடியில் ஒரு மெய்யான கேள்வி கிடப்பதைக் காணலாம். தவறுக்குப் பரிசளிக்கத் தொடங்கிய மறுகணம் அது தவறாகவே நீடிக்க முடியுமா? இக்கட்டுரையில் நாம் தேடப்போவது அதற்கான விடையைத்தான்.

ஒரு பழைய சட்டத்திலிருந்து தொடங்குவோம். ஆட்ட முறை ஒருவருக்கு வந்திருக்கிறது. அவருடைய அரசன் தாக்குதலில் இல்லை. ஆனால் விதிக்குட்பட்டு நகர்த்த அவரிடம் ஒரு காய்கூட இல்லை. இதனை ஸ்டேல்மேட் என்கிறோம். இன்று இது சமநிலை. ஆனால் இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இதற்கு வேறொரு தீர்ப்பு வழங்கப்பட்டு வந்தது. முடங்கிக் கிடப்பவரே வென்றவர். அவரை முடக்கியவர் தோற்றவர்! 1614-இல் வெளியான ஆர்தர் சாலின் சதுரங்க நூலில் இவ்விதி இடம்பெற்றிருக்கிறது. எல்லாக் காய்களையும் இழந்து ஒற்றை அரசனோடு மூலையில் ஒடுங்கியவர், எதிராளியின் ஓர் அவசர நகர்வால் வெற்றியாளராக எழுந்து நிற்பார். 1808-இல் தம் நூலை வெளியிட்ட ஜேக்கப் சாரட் போன்றோரின் முயற்சியால்தான் அங்கும் இது சமநிலையாக மாறியது. சதுரங்க வரலாற்றாசிரியர் ஹெச். ஜே. ஆர். மர்ரே 1913-இல் எழுதிய பெருநூலில் இவ்விதியின் ஏற்ற இறக்கங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இவ்விதியை வகுத்தவர்கள் நகைச்சுவைக்காக அதைச் செய்யவில்லை. வெல்லும் நிலையில் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு, வெற்றியை ஒழுங்காக முடிக்கத் தெரியாதவர் அதற்கு அருகதையற்றவர் என்னும் ஒரு நீதியுணர்வை அதில் நாம் காண முடிகிறது. ஆயினும் நமக்கு வேண்டிய செய்தி வேறு. எது வெற்றி, எது தோல்வி என்பது பலகையில் எழுதப்பட்டிருக்கவில்லை. மனிதர் கூடி வகுத்துக்கொண்டது அது. ஒரே நிலை ஒரு நாட்டில் ஒரு காலத்தில் வெற்றி, வேறொரு காலத்தில் சமநிலை. அப்படியெனில் அதனை முற்றிலும் தலைகீழாக்கிப் பார்ப்பதற்குத் தடை என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சதுரங்கப் புதிராளர்கள் அதைத்தான் செய்தார்கள். வழக்கமான புதிரில் வெள்ளை நகர்த்தி, குறித்த நகர்வுகளுக்குள் கறுப்பு அரசனை வீழ்த்த வேண்டும். செல்ஃப்மேட் என்னும் வகையிலோ வெள்ளை தன்னையே வீழ்த்தும்படி கறுப்பைக் கட்டாயப்படுத்த வேண்டும். கறுப்புக்கு அதில் துளியும் விருப்பமில்லை, தப்பிக்கவே முயலும். விருப்பமற்ற எதிரியின் கையில் வாளைத் திணித்து, நம் கழுத்தை வெட்டும்படி அவனை நிர்ப்பந்திப்பது போன்ற வேலை இது. 1854-இல் ஜெர்மானியரான மாக்ஸ் லாங்கே ஹெல்ப்மேட் என்னும் இன்னொரு வகையை அறிமுகப்படுத்தினார். அதில் இருதரப்பும் ஒத்துழைத்துக் கறுப்பு அரசனைச் சிக்கவைக்கும். 1860-இல் அமெரிக்கப் புதிராளர் சாம் லாய்டும் அவ்வகையில் ஒன்றை இயற்றினார். பகை நட்பாகிவிட்டது, தோல்வி கூட்டு முயற்சியாகிவிட்டது.

புதிர் என்பது ஒருவர் தனியே அமர்ந்து விடுவிப்பது. இருவர் எதிரெதிரே அமர்ந்து தோற்கப் போட்டியிடும் ஆட்டம் அதனினும் வேடிக்கையானது. அதன் பிறப்பிடம் தெளிவாகப் பதிவாகவில்லை. 1870-களில் ‘என்னை எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு வடிவம் ஆடப்பட்டது. அதற்கு முன்பே இவ்வாட்டம் வழக்கில் இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இன்று ‘தோற்கும் சதுரங்கம்’, ‘தற்கொலைச் சதுரங்கம்’, ‘எதிர்ச் சதுரங்கம்’ எனப் பொருள்படும் பல பெயர்களில் வழங்குவது இதன் வளர்ந்த வடிவமே.

விதிகள் எளியவை. தன் காய்கள் அனைத்தையும் முதலில் இழப்பவர் வெல்வார். அரசனுக்குத் தனி மரியாதை ஏதும் இல்லை; மற்றக் காய்களைப் போல் அவனையும் வெட்டலாம். ஆகவே செக் இல்லை, செக்மேட் இல்லை, கோட்டை கட்டுவதும் இல்லை. எட்டாம் வரிசையை அடைந்த சிப்பாய் விரும்பினால் அரசனாகவே முடிசூட்டிக்கொள்ளலாம். பலகையில் இரண்டு மூன்று அரசர்கள் அலைந்து திரியும் அரசியல் கூத்தையும் இதில் காணலாம். நகர வழியின்றி முடங்கினால் என்ன என்பதில் மட்டும் ஒருமித்த கருத்தில்லை. ஒரு மரபு முடங்கியவரே வென்றவர் என்கிறது. இன்னொரு மரபு காய்களை எண்ணிக் குறைவாக வைத்திருப்பவருக்கு வெற்றியளிக்கிறது. ஆர்தர் சால் காலத்து ஆங்கிலேயரின் விதி ஒரு வேடிக்கை ஆட்டத்தின் வாசல் வழியே திரும்ப நுழைந்திருப்பதை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது.

எனினும் இவ்வாட்டத்தின் உயிர் மேற்சொன்னவற்றில் எதிலும் இல்லை. அது வேறொரு விதியில் இருக்கிறது: வெட்ட வழியிருந்தால் வெட்டியே தீர வேண்டும். டிராட்ஸ் ஆட்டத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் இக்கட்டாய வெட்டுதான் தோற்கும் சதுரங்கத்தைச் சாத்தியமாக்கியது. சற்றே எண்ணிப் பாருங்கள். கட்டாயம் இல்லையென்றால் நான் நீட்டும் காயை எதிராளி ஏன் வெட்டப்போகிறார்? இருவரும் காய்களை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். இருவரும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று மறுத்துக்கொண்டே இருப்பார்கள். கல்யாண வீட்டு உபசாரம் போல அது ஒருபோதும் முடியாது. தவறுக்குப் பரிசளிக்க விரும்பும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான். இலக்கை மட்டும் புரட்டிப்போட்டால் ஆட்டம் உருவாகிவிடாது. புரட்டிய இலக்கை நோக்கி எதிராளியை இழுத்துச் செல்ல ஒரு கயிறும் வேண்டும்.

அக்கயிறு எப்படி இழுக்கிறது என்பதை ஒரு சான்றால் காண்போம். வாசகர்கள் பலகையை எடுத்து வைத்துக்கொண்டால் நலம். வெள்ளை, அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரேயொரு கட்டம் நகர்த்துகிறது. வழக்கமான ஆட்டத்தில் இது சாதுவான, சற்றே கூச்ச சுபாவமுள்ள நகர்வு. கறுப்பு, அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளையின் அரசிப்பக்க மந்திரிக்குக் குறுக்குவழி திறந்துவிட்டதால் அச்சிப்பாயை அது வெட்டியே ஆகவேண்டும். உடனே கறுப்பு, தன் அரசன் பக்கத்து மந்திரியை ஒரு கட்டம் குறுக்காக நகர்த்தி, சிப்பாய் விட்டுச்சென்ற இடத்தில் வைக்கிறது. இப்போது வெள்ளை மந்திரி, கறுப்பு அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை வெட்டியாக வேண்டும். வேறு வழியே இல்லை. கறுப்பு மந்திரி நெடுங்குறுக்கில் பாய்ந்து வெள்ளையின் ஒரு சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை மந்திரியோ அடுத்து கறுப்பின் அரசியையே விழுங்க வேண்டியதாகிறது. ஏழாவது அரைநகர்வுக்குள் வெள்ளை மூன்று காய்களை விருப்பமின்றி உண்டு முடித்துவிட்டது. தொடக்கத்தில் செய்த அச்சாதுவான நகர்வு கறுப்பு பிழையின்றி ஆடினால் தோல்வியில்தான் முடியும் என்பது ஆராய்ந்து நிறுவப்பட்ட உண்மை.

நெடுந்தூரம் பாயும் வலிமையே இங்கு சாபமாகிவிடுவதைக் கவனியுங்கள். வழக்கமான ஆட்டத்தில் மந்திரிக்கும் அரசிக்கும் வழி திறந்துவிடுவது நற்பண்பு. இங்கோ வழி திறந்த மந்திரி, மூக்கணாங்கயிறு பூட்டிய மாடு. அதைப் போலவே, அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளை தொடங்கினால் கறுப்பு தன் அரசன் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நீட்டி அதைப் பலி கொடுக்கிறது. வெள்ளை வெட்டியதும் தன் அரசியையே மந்திரியின் பாதையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரட்டைக் கேள்விக்குறிக்குரிய அந்நகர்வு இங்கே மெச்சத்தக்க ஆட்டம்.

இவ்விடத்தில் 1851-இல் லண்டனில் ஆடப்பட்ட ‘அழியா ஆட்டம்’ நினைவுக்கு வருவது இயல்பே. ஜெர்மானியக் கணித ஆசிரியர் அடால்ஃப் ஆண்டர்சன், கீஸரிட்ஸ்கியுடன் மோதிய அவ்வாட்டத்தில் ஒரு மந்திரியையும் இரு யானைகளையும் அரசியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சிறுகாய்களைக் கொண்டு எதிரி அரசனை வீழ்த்தினார். அங்கும் கொடுத்தல், இங்கும் கொடுத்தல். ஆனால் வேறுபாடு பெரிது. ஆண்டர்சன் கொடுத்ததை ஏற்க மறுக்கும் உரிமை கீஸரிட்ஸ்கிக்கு இருந்தது. ஆசை அவரை வீழ்த்தியது. தோற்கும் சதுரங்கத்தில் ஆசைக்கு இடமில்லை. விதியே வாயைத் திறந்து ஊட்டிவிடுகிறது. முன்னது பேராசையின் கதையென்றால் பின்னது கட்டாயத்தின் கதை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாட்டத்துக்கு இங்கிலாந்தில் ஒரு கௌரவம் கிடைத்ததென்றால் அதற்குத் தாமஸ் ரேனர் டாசனின் பங்கு முதன்மையானது. 1889-இல் பிறந்து 1951-இல் மறைந்த டாசன், ரப்பர் தொழில்துறையில் பணியாற்றியவர். எஞ்சிய நேரத்தில் ஏறத்தாழ 6,400 புதிர்களை இயற்றினார். அவற்றுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை வழக்கமான விதிகளை மீறியவை. ‘தேவதைச் சதுரங்கம்’ என்று பொருள்படும் பெயரை 1914-இல் ஆஸ்திரேலியரான ஹென்றி டேட் சூட்டிய இத்துறைக்கு டாசனே தந்தை என மதிக்கப்படுகிறார். தோற்கும் சதுரங்கத்துக்கும் அவர் புதிர்கள் இயற்றி, 1920-களில் அதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். வேடிக்கையாகத் தொடங்கிய ஒன்றை ஒருவர் பொறுமையுடன் உட்கார்ந்து ஆராயத் தொடங்கியதும் அது கலையாகிவிடுகிறது.

அவருக்கு அடுத்த தலைமுறையில் வி. ஆர். பார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், லூயிஸ் கரோலின் கதையுலகில் மனம் பறிகொடுத்துப் புதுப்புது ஆட்டங்களைக் கண்டுபிடித்தார். 1953-இல் அவர் படைத்த ஆலிஸ் சதுரங்கத்தில் இரண்டு பலகைகள் உண்டு. நகர்த்திய காய் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குள் புகுவது போல் மறுபலகைக்குத் தாவிவிடும். இவ்வாறான கண்டுபிடிப்புகளைத் தொகுத்து டேவிட் பிரிட்சார்ட் 1994-இல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் 1,400-க்கும் மேற்பட்ட சதுரங்க வகைகள் இடம்பெற்றன. 2005-இல் அவர் மறைந்த பின்னர் ஜான் பீஸ்லி அப்பணியைத் தொடர்ந்து, 2007-இல் விரிவாக்கிய பதிப்பை வெளிக்கொணர்ந்தார். வேடிக்கைக்காகக் கண்டுபிடித்தவை ஆயிரக்கணக்கில். கண்டுபிடித்தவரைத் தாண்டி வாழ்ந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றுள் தோற்கும் சதுரங்கமும் ஒன்று.

கணிதவியலாரும் இத்தலைகீழ் விளையாட்டைக் கவனிக்கத் தவறவில்லை. கடைசி நகர்வைச் செய்பவர் தோற்பார் என வகுக்கப்பட்ட ஆட்டத்தை அவர்கள் மிசேர் என்பர். பிரெஞ்சு மொழியில் இதற்கு வறுமை, துயரம் என்று பொருள்; ஒரு கையும் எடுக்காமல் தோற்றுக் காட்டுகிறேன் எனச் சீட்டாட்டத்தில் கூறும் அறைகூவலுக்கும் இதுவே பெயர். குவியல்களிலிருந்து கற்களை எடுக்கும் நிம் என்னும் ஆட்டத்தின் முழு இரகசியத்தையும் 1901-இல் சார்லஸ் பூட்டன் வெளியிட்டார். கடைசிக் கல்லை எடுப்பவர் வெல்லும் வடிவத்துக்கும் தோற்கும் வடிவத்துக்கும் அவர் வழி கூறினார். வியப்பு என்னவெனில், இரண்டிலும் ஏறக்குறைய இறுதிவரை ஒரே மாதிரிதான் ஆடவேண்டும்! ஒற்றைக் கற்குவியல்கள் மட்டுமே எஞ்சப்போகும் தறுவாயில்தான் பாதை பிரிகிறது. வெல்லத் தெரியாதவருக்கு அங்கே தோற்கவும் தெரியாது. ஆயினும் நிம்மைத் தாண்டிச் சென்றால் மிசேர் ஆட்டங்களின் பொதுக்கோட்பாடு, வெல்லும் ஆட்டங்களின் கோட்பாட்டைக் காட்டிலும் பன்மடங்கு சிக்கலானது என்பதே கணிதவியலாரின் அனுபவம். வறுமையைக் கணக்கிடுவது செல்வத்தைக் கணக்கிடுவதினும் கடினம் போலும்.

இனிக் கணிப்பொறியின் காலத்துக்கு வருவோம். 1996-இல் இணையத்தில் இயங்கிய ஒரு இலவசச் சதுரங்கக் களத்தில் தோற்கும் சதுரங்கம் சேர்க்கப்பட்டதும் அதை ஆடுவோர் தொகை பெருகியது. தொடக்க நகர்வுகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2016 அக்டோபரில், ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிதவியலார் மார்க் வாட்கின்ஸ் இறுதி முடிவை அறிவித்தார். அரசன் முன்னுள்ள சிப்பாயை ஒரேயொரு கட்டம் நகர்த்தித் தொடங்கினால், கறுப்பு எப்படி ஆடினாலும் வெள்ளைக்கே வெற்றி. ஆட்டம் தீர்க்கப்பட்டுவிட்டது.

இதில் உள்ள முரண்நகையை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. 2007-இல் ஜொனாதன் ஷேஃபர் குழுவினர் செக்கர்ஸ் என்னும் டிராட்ஸ் வகையைத் தீர்த்து, பிழையின்றி ஆடினால் அது சமநிலையே என்று நிறுவியிருந்தனர். ஆனால் முறையான சதுரங்கம் இன்றுவரை தீர்க்கப்படவில்லை. கோமாளியாகக் கருதப்பட்ட தம்பி தன் இரகசியத்தை ஒப்புவித்துவிட்டான். கம்பீரமான அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை. காரணமும் வெளிப்படையானதே. கட்டாய வெட்டு, ஆடுபவர் முன் கிடக்கும் வழிகளைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. பல நிலைகளில் ஒரே வழிதான் உண்டு. அவ்வழியைப் பற்றிக்கொண்டு கணிப்பொறி வெகு ஆழம் வரை இறங்கிவிட முடிகிறது. ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த கயிறே அதன் புதிரையும் அவிழ்த்துவிட்டது.

தவறுக்கே பரிசு என்னும் நம் தொடக்க ஆசைக்கு வருவோம். காய்களை இழப்பதை விட்டுவிட்டு, ‘மிக மோசமான நகர்வுக்கு ஒரு புள்ளி’ என்று நேரடியாகவே விதி வகுத்தால் என்ன? உடனே ஒரு நடுவர் தேவைப்படுகிறார். எது மிக மோசமானது எனக் கூற, எல்லா நகர்வுகளையும் எடைபோடத் தெரிந்தவர் வேண்டும். அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர் வேண்டும். 2019-இல் டாம் மர்ஃபி என்னும் அமெரிக்கக் கணிப்பொறியியலாளர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் முட்டாள்கள் தினத்தையொட்டி நடக்கும் நகைச்சுவை ஆய்வரங்குக்காக மட்டமான சதுரங்க ஆட்டக்காரர்களின் ஓர் உலகத்தையே கணிப்பொறியில் படைத்தார். அவற்றுள் ஒன்று, வலிமை வாய்ந்த ஸ்டாக்ஃபிஷ் நிரலிடம் யோசனை கேட்டு, அது மிக மோசம் எனக் கருதுவதையே ஆடும். மோசத்தின் உச்சியை எட்டவும் மேதையின் துணை வேண்டியிருக்கிறது. கண்மூடித்தனமாக ஆடுபவர் அங்கே செல்லுபடியாகமாட்டார். அவர் எப்போதாவது தற்செயலாக நல்ல நகர்வைச் செய்துவிடுவார்!

ஆக நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தவறுக்குப் பரிசளிக்க இயலாது. பரிசு எதன்மேல் விழுகிறதோ அது அக்கணமே நல்ல நகர்வாகிவிடுகிறது. அதைத் தேடிக் கண்டடையும் திறமை பிறக்கிறது, திறமையுள்ளோர் தோன்றுகின்றனர், அவர்களுக்கு நூல்களும் போட்டிகளும் தோன்றுகின்றன. இறுதியில், தோற்கத் தெரியாமல் வென்றுவிட்ட அப்பாவி ஒருவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவருடைய நகர்வுக்குப் பின்னாலும் இரட்டைக் கேள்விக்குறி விழுகிறது. தலைகீழ் உலகத்திலும் தவறு தவறுதான். இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அப்படியாயின் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் செலவிட்ட வேடிக்கையால் என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நமக்குத் தோன்றும் பயன் ஒன்று உண்டு. சதுரங்கம் பயில்பவர் காலப்போக்கில் அரசி என்றால் விலைமதிப்பற்றது, சிப்பாய் என்றால் அற்பம் என்பதை இயற்கை விதி போல நம்பத் தொடங்குகிறார். தோற்கும் சதுரங்கத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டவருக்கு அந்நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். காயின் மதிப்பு காயில் இல்லை, விதியில் இருக்கிறது என்பதை அவர் கைவிரல்களே கற்றுக்கொள்கின்றன. பலகைக்கு வெளியேயும் எவ்வளவோ மதிப்பீடுகள் இவ்வாறு யாரோ வகுத்த விதிகளின் நிழல்கள்தானே!

இரண்டாவதும் உண்டு. இன்று எந்நகர்வைச் செய்தாலும் மறுநொடியே பிழையென்று சொல்லக் கையடக்கக் கருவியில் ஒரு நிரல் காத்திருக்கிறது. அதற்கு அஞ்சியே ஆட மறுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் முன் இவ்வாட்டத்தைப் பரப்பி வைக்கலாம். எங்கெல்லாம் வெட்ட வழியிருக்கிறது என்று பலகை முழுவதையும் பார்த்தாக வேண்டியிருப்பதால் கண்ணுக்கு அது நல்ல பயிற்சி. அரசியைப் பறிகொடுத்ததும் வாய்விட்டுச் சிரிக்கக் கிடைக்கும் வாய்ப்போ மனத்துக்குப் பயிற்சி. வாட்கின்ஸ் கண்ட நிறுவலை எந்த மனிதராலும் மனனம் செய்துவிட முடியாது. ஆகவே ஆட்டம் தீர்ந்துவிட்டதே என்று கவலையுற வேண்டியதில்லை. முதலில் அரசன் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துங்கள். அதன்பின் வெற்றி உங்களைத் துரத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.